கிளாஸ்கோவிலிருந்து டிரோசாக்ஸ் ஏரிக்கரைகளுக்கு ஒரு நாள் கார்ப் பயணம்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளாஸ்கோவுக்கு வந்த ஏழாவது மாதம், மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அப்பாவையும் ஏரிக்கரைக்கு அழைத்துப்போக, ஒரு சனிக்கிழமை காலை வாடகைக் கார் நிறுவனம் ஒன்றின் கவுண்டரில் நின்றேன். முன்பதிவு செய்து பணமும் கட்டியிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் கிரெடிட் கார்டு கேட்டார். என்னிடம் டெபிட் கார்டு மட்டும்தான் இருந்தது. லைசென்ஸில் என் பெயர் இனிஷியலோடு இருக்க, பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. அதுவும் பிரச்சினையானது. கார் தரவில்லை. கட்டிய பணத்தில் பாதிக்குமேல் திரும்பி வரவில்லை. அம்மா புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தார். அந்தப் புளியோதரையை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மூன்று வாரம் கழித்து அதே பயணத்தை ஒழுங்காகச் செய்தோம். அதன்பிறகு புதிதாக வந்த நண்பர்களின் குடும்பங்களோடு பலமுறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் என்னிடம் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். முதல் பயணத்திலேயே ஸ்கை தீவு, கிளென்கோ, லாக் நெஸ் (லாக் என்றால் இங்கே ஏரி) என்று பட்டியல் போடாதீர்கள். கிளாஸ்கோவிலிருந்து ஸ்கைக்குப் போகவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாள் முழுக்கக் காருக்குள்ளேயே கழியும். ஸ்காட்லாந்தின் லாக் லோமண்ட், டிரோசாக்ஸ் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியான டிரோசாக்ஸ் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஏரி, காடு, மலைப்பாதை மூன்றும் ஒரே வட்டத்தில் கிடைத்துவிடும். மொத்தம் 90 மைல் அளவுதான். இறங்கி நடக்கவும், உட்கார்ந்து சாப்பிடவும் நேரம் மிஞ்சும்.

1. லைசென்ஸ்: எத்தனை மாதம் செல்லும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

இந்திய லைசென்ஸோ இலங்கை லைசென்ஸோ வைத்திருப்பவர்கள், பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை அதைக் கொண்டே கார் ஓட்டலாம். லைசென்ஸ் 2035 வரை செல்லும் என்று அட்டையில் இருந்தாலும் கணக்கு 12 மாதம்தான். நடுவில் ஊருக்குப் போய் வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே குடியிருப்பவருக்கு அப்படித் தொடங்காது. பதின்மூன்றாவது மாதம் ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான், இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

அதனால் வந்த ஓரிரு மாதங்களுக்குள் இங்கத்திய பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நான் கட்டியபோது இணையத்தில் 34 பவுண்டு. எழுத்துத் தேர்வுக்கு 23. வார நாளில் ஓட்டுத் தேர்வுக்கு 62. ஓட்டுத் தேர்வுக்கு இடம் கிடைக்கப் பல மாதங்கள் காத்திருக்க நேரும். பத்தாவது மாதத்தில் தொடங்கினால் நடுவில் ஓட்ட முடியாத காலம் ஒன்று கட்டாயம் வரும்.

சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வுத் தொல்லை இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி சட்டப்படி தேவையில்லை. ஆனால் வாடகைக் கவுண்டரில் சிலர் கேட்கிறார்கள். ஊரில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டினால் ஓராண்டுக்குத் தருவார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

2. கார் எடுப்பது: கவுண்டருக்குக் கொண்டுபோக வேண்டியவை

ஒரு கோப்பில் இவற்றை வையுங்கள்: அசல் லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா விவரம், ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு, கடந்த மூன்று மாதங்களுக்குள் வந்த இரண்டு முகவரிச் சான்றுகள். வங்கிக் கணக்கு அறிக்கையும் மின்சாரக் கட்டண ரசீதும் போதும். கைப்பேசித் திரையில் காட்டினால் சில இடங்களில் ஏற்பதில்லை, அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் லைசென்ஸ் எடுத்துவிட்டவர்கள் அரசு இணையதளத்தில் ஒரு சரிபார்ப்புக் குறியீடு எடுக்க வேண்டும். அது 21 நாட்களுக்குத்தான் செல்லும். ஒரு மாதம் முன்பே எடுத்து வைத்தால் பயணத்தன்று காலாவதியாகியிருக்கும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். லைசென்ஸில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர், கிரெடிட் கார்டில் இரண்டும் சேர்ந்த வேறொரு வடிவம் என்று மூன்றும் மூன்று விதமாக இருப்பது நமக்கு வழக்கம். கவுண்டரில் இருப்பவருக்கு அவை மூன்று வேறு ஆட்கள். முன்பதிவு செய்த கையோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, மூன்று பெயர் வடிவங்களையும் குறிப்பிட்டு, ஏற்றுக்கொள்வார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். இரண்டாவது முறை என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு மின்னஞ்சல்தான்.

வயது 25க்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு. சில நிறுவனங்கள் 23 வயதுக்குக் கீழே தருவதே இல்லை. கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே அதைத் தேர்ந்தெடுங்கள். விலை கொஞ்சம் கூடும். ஊரில் கியர் வண்டியே ஓட்டிப் பழகியவராக இருந்தாலும், முதல் பயணத்துக்கு ஆட்டோமேட்டிக் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. கவனம் முழுவதும் சாலையில் இருக்கும்.

கிளை மூடும் நேரத்தையும் பாருங்கள். சனிக்கிழமை நண்பகலோடு மூடி, ஞாயிறு திறக்காத கிளைகள் பல உண்டு. விமான நிலையக் கிளைகள் நீண்ட நேரம் திறந்திருக்கும்.

குழந்தைகள் இருந்தால் 12 வயது வரை, அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை, அதற்கான இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொண்டு போவது நடக்காது. வாடகைக்கு எடுப்பதை விட ஒன்று வாங்கிவிடுவது லாபம்.

3. இன்சூரன்ஸ், நண்பரின் கார்

ஊரில் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் யாரும் எடுத்து ஓட்டுவோம். இங்கே அப்படியில்லை. பாலிசியில் உங்கள் பெயர் இருந்தால்தான் உங்களுக்குக் காப்பு. நண்பர் அன்போடு சாவியைக் கொடுப்பார்; நீங்களும் வாங்கிக்கொள்வீர்கள். காவல்துறையின் கேமராக்கள் வண்டி எண்ணைப் படித்துக்கொண்டே இருக்கின்றன. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் ஏறும் 6 தண்டப் புள்ளிகள், வண்டியையும் எடுத்துப்போய்விடலாம். ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கும் தற்காலிக இன்சூரன்ஸ் இணையத்தில் கிடைக்கிறது. வெளிநாட்டு லைசென்ஸை ஏற்கிற நிறுவனமா என்று பார்த்து எடுங்கள்.

நண்பரின் கார் பழையதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். கிளாஸ்கோ நகர மையத்தில் 2023 ஜூன் 1 முதல் புகைக் கட்டுப்பாட்டு வட்டாரம் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக 2006க்கு முந்தைய பெட்ரோல் கார், 2015 செப்டம்பருக்கு முந்தைய டீசல் கார் உள்ளே போனால் 60 பவுண்டு அபராதம். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. எம்8 நெடுஞ்சாலை அதில் சேராது. வண்டி எண்ணைக் கொடுத்து அரசு இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

வாடகைக் காருக்கு இன்சூரன்ஸ் உள்ளேயே இருக்கும். ஆனால் சிறு கீறல் விழுந்தாலும் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நீங்கள்தான் கட்ட வேண்டும். என் ஒப்பந்தத்தில் அது 1,200 பவுண்டு. அதைக் குறைக்கக் கவுண்டரில் ஒரு நாளுக்கு 18 பவுண்டு கேட்டார்கள். தனி நிறுவனத்திடம் முன்கூட்டியே எடுத்தால் அதில் கால் பங்குதான் ஆகிறது. கையொப்பமிடும் முன் காரைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். நான்கு சக்கரங்களின் விளிம்பும் கண்ணாடியின் கீழ்ப்பகுதியும் அதில் தெரிய வேண்டும்.

4. எந்த மாதம், எந்த நாள், எத்தனை மணிக்கு

மே மாதம்தான் என் தேர்வு. மழை குறைவு, பகல் நீளம், கடிக்கும் பூச்சிகள் இன்னும் கூட்டமாக வந்திருக்காது. அக்டோபரில் காடு செம்பும் மஞ்சளுமாக மாறும். அதுவும் நல்ல காலம். ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் மறைந்துவிடும். குளிர்காலத்தில் மலைப்பாதையில் பனி உறைந்திருக்கும் என்பதால், புதியவர்கள் நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இந்த வழியைத் தவிர்ப்பது நல்லது.

முடிந்தால் வார நாளில் போங்கள். வார இறுதி என்றால் காலை எட்டு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்புங்கள். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பதினொரு மணிக்குமேல் வாகன நிறுத்தங்கள் நிரம்பிவிடுகின்றன. இடம் இல்லையென்று சாலையோரப் புல்லில் நிறுத்தினால் அபராதச் சீட்டு வரும். வாடகைக் காராக இருந்தால் அபராதத்தோடு அந்த நிறுவனமும் ஒரு தொகையை உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். எனக்கு அபராதத்தை விட அந்தத் தொகைதான் அதிகமாக இருந்தது.

5. சாலையில் நமக்குப் புதிதானவை

இடப்பக்கம் ஓட்டுவது நம் ஊர்ப் பழக்கம்தான். தடுமாற வைப்பவை வேறு.

ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அவர் போகும்வரை கோட்டில் நில்லுங்கள். யார் முந்திக்கொள்கிறார் என்ற கேள்வியே இங்கே இல்லை.

வேகம் மைலில் காட்டப்படும். ஊருக்குள் 30, பல இடங்களில் 20. வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை வந்தால், நடுவில் தடுப்பில்லாத ஒற்றைச் சாலையில் காருக்கு 60 வரை அனுமதி என்று பொருள். 60இல் போயே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. மலைப்பாதையில் நான் 30க்கு மேல் போவதில்லை. பின்னால் வண்டிகள் சேர்ந்தால் அடுத்த நிறுத்தத்தில் ஒதுங்கி வழிவிட்டுவிடுகிறேன். அவசரப்படுத்துகிறார்களே என்று பதறி வேகத்தைக் கூட்டுவதுதான் ஆபத்து.

கிளைச் சாலைகளில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான் இருக்கும். ஆங்காங்கே ஒதுங்குமிடம் என்று பலகை நட்டிருப்பார்கள். அது இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நின்று, எதிரே வருபவரை அதற்குள் ஒதுங்கவிடுங்கள். கடந்து போகும்போது எல்லோரும் ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்கி நன்றி சொல்வார்கள். நாமும் தூக்குவதுதான் மரியாதை. படம் எடுப்பதற்காக அந்த இடத்தில் காரை நிறுத்தி இறங்கிவிடாதீர்கள். ஒரு ஆம்புலன்ஸ் அங்கே ஒதுங்க வேண்டியிருக்கலாம்.

கைப்பேசியைக் கையில் எடுத்தால் 200 பவுண்டும் 6 புள்ளிகளும். மது அளவு ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தை விடக் கடுமையானது: 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பதே வழி.

பெட்ரோலை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்புக் குழாய் டீசல். மாற்றிப் போட்டால் பெரும் செலவு. மூடியின் உட்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் குழாயை எடுங்கள்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

மழைச்சட்டை எல்லோருக்கும், கோடையிலும். அடிப்பக்கம் நீர்புகாத விரிப்பு ஒன்று. புல் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் ஈரம் ஏறும். மாற்றுச் சாக்ஸ். பூச்சிவிரட்டி. உண்ணி எடுக்கும் சிறு கொக்கி, மருந்துக்கடையில் சில பவுண்டுதான். குப்பைப் பை இரண்டு. பல இடங்களில் குப்பைத்தொட்டியே இருக்காது. கொண்டுபோனதையெல்லாம் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வாகன நிறுத்தத்துக்குக் கார்டும் சில்லறையும் இரண்டும் வேண்டும். செயலி மூலம் கட்டலாம் என்று பலகை சொல்லும், சிக்னல் இருக்காது. அதே காரணத்துக்காக வரைபடத்தை முந்தின இரவே கைப்பேசியில் பதிவிறக்கிவிடுங்கள்.

சாப்பாட்டில் என் அனுபவம்: புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி மூன்றும் குளிரிலும் நன்றாக இருக்கும். தயிர்ச் சாதம் இங்கத்திய குளிருக்கு வயதானவர்களுக்கு ஒத்துவரவில்லை. பெரிய பிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்க ரசம் கொண்டுபோங்கள். ஏரிக்காற்றில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து அப்பா ரசம் குடித்தது அந்த நாளின் படங்களிலேயே எனக்குப் பிடித்தது. பயன்படுத்திவிட்டு எறியும் பார்பிக்யூ தட்டுகளைத் தவிருங்கள். அவை புல்லைக் கருக்கிவிடுகின்றன. காய்ந்த வசந்த காலத்தில் காட்டுத் தீயே பிடித்துவிடும்.

7. வழி, நிறுத்தங்கள், நடைகள்

கிளாஸ்கோவின் வடக்கே ஏ81 சாலையைப் பிடியுங்கள். முதலில் வரும் ஊரின் பெயரை எழுத்தைப் பார்த்து மில்ன்கேவி என்று படிப்போம். இங்கே அதை முல்கை என்கிறார்கள். வழி கேட்கும்போது இது உதவும். பெட்ரோலையும் காற்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஸ்ட்ராத்பிளேன் தாண்டியதும் வலப்பக்கம் குன்றுகள் எழும். சாலை வளைந்து வளைந்து போகும். அபர்ஃபாயில் ஊருக்கு 27 மைல், ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஊர் நடுவில் வாகன நிறுத்தமும் கழிப்பறையும் இருக்கின்றன.

அபர்ஃபாயிலிலிருந்து ஏ821 மேலே ஏறுகிறது. இதைத்தான் டியூக்ஸ் பாஸ் என்கிறார்கள். ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டியவர்களுக்கு வளைவுகள் புதிதல்ல. வேறுபாடு என்னவென்றால், இங்கே வளைவில் யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. எதிரே சைக்கிள்காரரோ, மோட்டார் சைக்கிள் கூட்டமோ, ஆடோ வருவது வந்த பிறகுதான் தெரியும்.

ஏறத் தொடங்கிய ஒரு மைலில் வனத்துறையின் லாட்ஜ் பார்வையாளர் மையம் வரும். முதல் நிறுத்தம் இதுதான். நிறுத்தக் கட்டணம் உண்டு; கழிப்பறை, சிற்றுண்டிக் கடை உண்டு. இங்கிருந்து அருவிக்குப் போகும் சுற்றுப்பாதை சிறியது; முக்கால் மணி நேரம் போதும். அருவி நம் குற்றாலம்போலப் பெருகி விழுவதல்ல. பாசி படிந்த பாறையில் வெள்ளி நூலாக இறங்குகிறது. பறவைகளைப் பார்க்க மரத்தால் ஒரு மறைவிடம் கட்டியிருக்கிறார்கள். சத்தமில்லாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சிவப்பு அணில் வரும். செப்பு நிற வாலும் காதில் முடிக்கொத்துமாக அது கொட்டையை இரண்டு கையில் உருட்டித் தின்பதைப் பார்த்து அம்மா மூச்சைக் கூட மெதுவாக விட்டார்.

மேலே இன்னும் கொஞ்சம் ஓட்டினால் வலப்பக்கம் மூன்று ஏரி வனப்பாதையின் நுழைவு வரும். இந்தப் பயணத்தின் உயிர் இதுதான், விட்டுவிடாதீர்கள். ஏழு மைல் நீளமுள்ள மண்பாதை, ஒருவழி. உள்ளே நுழைந்தால் திரும்ப முடியாது என்பதால் குழந்தைகளை லாட்ஜிலேயே கழிப்பறைக்கு அழைத்துப்போய்விடுங்கள். வசந்தத்திலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஒரு காருக்குச் சில பவுண்டு கட்டணம். நுழைவுப் பலகையில் நேரத்தைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

முதலில் வருவது சிறிய லாகன் ரியோய்க்டே. அல்லி இலைகள் மிதக்கும் குளம்போல இருக்கும். ஐந்து நிமிடம் நின்றால் போதும். அடுத்து லாக் டிரங்கி. பிக்னிக்குக்கு இதுதான் இடம். முதலில் தெரியும் நிறுத்தத்தில் எல்லோரும் நின்றுவிடுவார்கள். நீங்கள் அவசரப்படாமல் இன்னும் கொஞ்சம் ஓட்டினால் நீருக்குப் பக்கத்திலேயே ஒன்றிரண்டு கார் மட்டும் நிற்கும் இடங்கள் வரும். தண்ணீர் தேயிலைச் சாயம் இறங்கியதுபோலப் பழுப்பாக இருக்கும். அழுக்கில்லை, மலைமேல் உள்ள கரிமண்ணின் நிறம். ஓரத்தில் கையை விட்டால் விரல்கள் பொன்னிறமாகத் தெரியும். காற்று நின்ற நேரத்தில் எதிர்க்கரை மரங்கள் தலைகீழாக அசையாமல் நிற்கும். ஒன்றரை மணி நேரமாவது இங்கே ஒதுக்குங்கள். மூன்றாவது ஏரியான அக்ரேயின் அருகே பாதை மறுபடி ஏ821இல் சேர்கிறது.

அங்கிருந்து லாக் கேட்ரின் சில நிமிடத் தொலைவு. கட்டண நிறுத்தம் பெரியது. படகுத்துறையும் உணவகமும் உண்டு. படகில் போக விரும்பினால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் படகை விட நடையைச் சொல்வேன். வடகரையோரம் தார் போட்ட தனிச்சாலை ஒன்று ஸ்ட்ரோனக்லாக்கர் வரை 13 மைல் போகிறது. பொதுமக்களின் கார்களுக்கு அதில் அனுமதி இல்லை. அதனால் முழங்கால் வலியுள்ளவர்களும், குழந்தை வண்டி தள்ளுபவர்களும் அச்சமில்லாமல் நடக்கலாம். அம்மா ஒரு மைல் போய் ஒரு மைல் திரும்பினார். மதுரையில் தெருமுனைக் கடைக்கே ஆட்டோ கேட்பவர். கிளாஸ்கோவில் நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் இந்த ஏரியின் நீர்தான். முல்கை நீர்த்தேக்கங்கள் வழியாக ஊருக்கு வருகிறது. அதைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த ஆரஞ்சுத் தோலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இளைஞர்கள் மட்டும் போகிறீர்கள் என்றால் பக்கத்தில் பென் ஆன் குன்று இருக்கிறது. 454 மீட்டர்தான், ஆனால் செங்குத்து. ஏறி இறங்க இரண்டரை மணி நேரம். நல்ல பிடிமானமுள்ள காலணி இல்லாமல் ஏறாதீர்கள்.

பிறகு ஏ821இலேயே பிரிக் ஓ டர்க் தாண்டி, லாக் வெனகர் கரையோரமாகக் கில்மஹாக் போய், காலண்டர் ஊரை அடையலாம். கில்மஹாக்கில் நெற்றி முடி கண்ணை மறைக்கும் மலைநாட்டு மாடுகளைப் பார்க்கலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். காலண்டரில் தேநீர், கழிப்பறை, கடைகள் எல்லாம் உண்டு. நேரமிருந்தால் வடக்கே ஏ84இல் லாக் லப்நேக் வரை போய்வரலாம். கரையிலேயே நிறுத்தங்களும் சிறு கூழாங்கல் கரையும் இருக்கின்றன. திரும்ப ஏ81 வழியாக லேக் ஆஃப் மென்டீத்தைப் பார்த்தபடியே கிளாஸ்கோ வந்துவிடலாம். இருட்டிவிட்டால் ஸ்டர்லிங் போய் எம்80 நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். கொஞ்சம் சுற்று, ஆனால் சாலை அகலம்.

8. தண்ணீர்: இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்

2024 ஏப்ரலில் பெர்த்ஷயரில் லின் ஆஃப் டம்மல் என்ற அருவிப் பகுதியில், இந்தியாவிலிருந்து படிக்க வந்த இரண்டு மாணவர்கள் நீரில் விழுந்து இறந்தார்கள். சுற்றிப் பார்க்கப் போன இடம் அது. 2021 ஜூலையில் லாக் லோமண்டில் ஒரே வார இறுதியில் பலர் மூழ்கினார்கள்.

இந்த ஏரிகள் கோடையிலும் கடுங்குளிர். உடல் திடீரென்று அந்தக் குளிரில் இறங்கும்போது மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போகும். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகியவருக்கும் இது நேரும். கரையில் முழங்கால் ஆழம் இருக்கும் இடத்தில் இரண்டு அடி தள்ளி ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கலாம். பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். படம் எடுக்க நீரோரப் பாறையில் ஏறாதீர்கள், ஏறவும் விடாதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மல்லாந்து மிதக்கச் சொல்லிக் கத்துங்கள், கரையில் மிதவை வளையம் இருந்தால் எறியுங்கள், 999ஐ அழையுங்கள். சிக்னல் மோசமான இடங்களில் குறுஞ்செய்தியாவது போகக்கூடும். அதற்கு முன்கூட்டியே 999க்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். கிளம்பும் முன் செய்யுங்கள், இரண்டு நிமிட வேலை.

9. மிட்ஜ், உண்ணி, கூடாரம்

மிட்ஜ் என்பது கொசுவை விடப் பல மடங்கு சிறிய பூச்சி, மேகம்போல வரும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்றில்லாத ஈரமான காலையிலும் மாலையிலும் மொய்க்கும். காற்றடிக்கும் திறந்த இடத்தில் விரிப்பைப் போட்டால் பாதித் தொல்லை போய்விடும்.

உண்ணி பெரணிப் புதரிலும் நீண்ட புல்லிலும் இருக்கும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். அன்றிரவு குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், குழந்தைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். இருந்தால் கொக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து எடுங்கள். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் கூடாது. பிறகு சில வாரங்களுக்குள் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போய் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் லைம் நோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் மாத்திரையில் குணமாகும்.

இரவு தங்க நினைப்பவர்களுக்கு: ஸ்காட்லாந்தில் எங்கும் கூடாரம் போடலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் இந்தத் தேசியப் பூங்காவின் பல ஏரிக்கரைகளில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அனுமதிச் சீட்டு வேண்டும். சில பவுண்டுதான், இணையத்தில் முன்பதிவு செய்யலாம்.

10. செலவுக் கணக்கும் காரைத் திருப்பிக் கொடுப்பதும்

நான்கு பேருக்கு எங்களுக்கு ஆனது: ஒரு நாள் கார் வாடகை 58 பவுண்டு, தனி இன்சூரன்ஸ் 5, பெட்ரோல் 15, நிறுத்தங்களும் வனப்பாதையும் சேர்த்து 13, காலண்டரில் தேநீரும் ஸ்கோனும் 19. மொத்தம் 110. இதைத் தவிர கார் நிறுவனம் கிரெடிட் கார்டில் 250 பவுண்டைப் பிடித்து வைத்திருந்தது. கார்டில் அந்த அளவு இடம் இருக்க வேண்டும். அது விடுபட எட்டு நாட்கள் ஆயின.

திருப்பிக் கொடுக்கும் முன், கிளைக்கு அருகிலேயே டேங்கை நிரப்பி ரசீதைப் படம் எடுங்கள். விரிப்பிலிருந்து விழுந்த மணலையும் சோற்றுப் பருக்கையையும் துடைத்துவிடுங்கள். துப்புரவுக் கட்டணம் போடுவார்கள். காலையில் எடுத்ததுபோலவே காரைச் சுற்றி வந்து மறுபடி ஒரு வீடியோ. கிளை மூடிய பிறகு சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவதைத் தவிருங்கள். அவர்கள் மறுநாள் பார்க்கும்வரை காருக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஊழியரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லி, கீறல் இல்லை என்று எழுதிய தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் பெட்ரோல் ரசீதையும் நிறுத்தச் சீட்டுகளையும் அதே கோப்பில் மூன்று மாதம் வைத்திருங்கள். எனக்கு அபராதக் கடிதம் ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தது.